ஸ்டூடண்ட் டி டெஸ்ட்: அந்த ஸ்டூடண்ட் யாரு?

டி டெஸ்ட்ங்கிறது கொஞ்ச சாம்பிள வச்சே சராசரில தெரியற வித்தியாசம் நிஜமா, தற்செயலான்னு பாக்குற ஸ்டாடிஸ்டிக்ஸ் முறை. மேல கமெண்ட்ல ஒரு நண்பர் "டி டெஸ்ட்ட கண்டுபிடிச்சது ஒரு காலேஜ் ஸ்டூடண்ட், அதான் அந்த பேரு, கம்பெனிக்கும் ஸ்டாடிஸ்டிக்ஸ் ஆராய்ச்சிக்கும் சம்பந்தமே இல்ல"ன்னு எழுதியிருக்காரு. தப்புங்க. ஸ்டூடண்ட்ங்கிறது புனைபெயர். ஆளு வில்லியம் காசெட், டப்ளின்ல கின்னஸ் பீர் கம்பெனில 1899ல வேலைக்குச் சேந்தவரு. பார்லி, ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தர்ற பூ)னு எதை டெஸ்ட் பண்ணாலும் அங்க நாலஞ்சு சாம்பிள்தான் கிடைக்கும், அப்ப இருந்த முறையெல்லாம் பெரிய சாம்பிளுக்குத்தான் சரிப்படும், அதனால கம்பெனியே அவர 1906ல லண்டனுக்கு, அங்க யுனிவர்சிட்டில இருந்த ஸ்டாடிஸ்டிக்ஸ் நிபுணர் கார்ல் பியர்சன்கிட்ட அனுப்பி வச்சுது. ரிசல்ட் 1908ல பியர்சன் நடத்துன பயோமெட்ரிக்கா இதழ்ல வந்துச்சு, கம்பெனி சொந்தப் பேர் போட விடாததால ஸ்டூடண்ட்ங்கிற பேர்ல.

எனக்கு அந்தக் கட்டுரைல ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. கணக்கு சரியான்னு பாக்க அவரு எடுத்துக்கிட்டது போலீஸ் ரெக்கார்டு, 3000 குற்றவாளிகளோட உயரமும் இடது நடுவிரல் நீளமும். அட்டைத்துண்டுல ஒவ்வொண்ணா எழுதி, நல்லா கலைச்சு, நாலு நாலா பிரிச்சு 750 சாம்பிள் எடுத்தாரு, கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல கையாலயே சிமுலேஷன்! கேள்வி கம்பெனியோடது, டேட்டா அரசாங்கத்தோடது, வழிகாட்டுனது யுனிவர்சிட்டி. 1912ல காசெட்டோட கணக்குக்கு முறையான நிரூபணம் எழுதி அவருக்கு அனுப்புன, பின்னாடி பெரிய ஸ்டாடிஸ்டிக்ஸ் மேதையான ஃபிஷர்தான் உண்மையிலேயே அப்ப கேம்பிரிட்ஜ்ல படிச்ச பையன். தயவுசெஞ்சு அந்த கமெண்ட்ட எடிட் பண்ணிடுங்க, படிக்கிற பசங்க அப்படியே நம்பிருவாங்க.