தழும்பு இல்லாத அம்மா

மே மாதக் கடைசி ஞாயிறுதான் எங்கள் மொரீஷியஸில் அன்னையர் தினம். இந்த வருடம் எங்கள் கோயில் கூடத்தில் ஊர் அம்மாக்களின் ஓவியங்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். அதில் என் அம்மாவும் ஒருவர். தன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அம்மா எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டார்: "கிசன்லா சா?" யார் இது?

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

அம்மாவுக்கு இடது மணிக்கட்டில் தொடங்கி முழங்கைவரை ஒரு தழும்பு ஓடும். பதினாறு வயதில் தோட்டத்தில் கரும்புக் கத்தி நழுவியதில் வந்தது. எங்களுக்குச் சோறு ஊட்டிய கை அது. சின்ன வயதில் அந்தத் தழும்பின் மேல் விரலை ஓட்டிக்கொண்டேதான் தூங்குவேன். படத்திலோ கை வழவழவென்று இருந்தது. கழுத்துச் சுருக்கம் போய்விட்டது, நிறமும் இரண்டு படி ஏறிவிட்டது. ரவிவர்மா லட்சுமியைப் பட்டுப்புடவையில் உட்கார வைத்த மாதிரி.

வரைந்த பெண்ணிடம் கேட்டேன். "மரியாதைக்காகத்தான் அக்கா எடுத்துட்டேன்" என்றாள். அவளை மட்டும் சொல்லி என்ன? கல்யாண வீட்டில் எடுத்த போட்டோவை, அதுவும் போனில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்பியது நான்தான். அம்மாவை எதிரே உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

சில வருடங்களுக்கு முன், பாட்டியின் பாட்டியைத் தேடி மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்துக்குப் போயிருந்தேன். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தத் தீவுக்கு வந்த நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகளை அங்கே வைத்திருக்கிறார்கள். பெயர், தகப்பன் பெயர், உயரம், அப்புறம் உடம்பில் உள்ள அடையாளங்கள். 1860களிலிருந்து போட்டோவும் எடுத்தார்கள். தோட்டத்தைவிட்டு ஓடினால் பிடிக்க வேண்டுமே, அதற்கு. அந்தப் படங்களில் பாசம் கிடையாது. ஆனால் முகம் முகமாகவே இருக்கிறது. வெள்ளைக்காரத் துரை பிடிப்பதற்காகக் குறித்துவைத்த தழும்பை நாம் மரியாதைக்காக அழிக்கிறோம் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

தாய்மை என்றாலே நமக்குக் கோயில் சிலைதான் ஞாபகம் வருகிறது. அம்மாக்கள் பேசினால் வேறு கதை வரும். அடுத்த ஞாயிறு அதே கூடத்தில் பெண்கள் மட்டும் உட்கார்ந்து பேசினோம். அம்மா அன்று சொன்னதை அதற்கு முன் எங்களிடம் சொன்னதே இல்லை. அக்கா பிறந்து இரண்டு மாதத்தில் கரும்பு வேலைக்குத் திரும்பினாராம். மதியத்துக்குள் மார் கனத்துப் பால் கட்டிக்கொள்ளும். வரப்பு ஓரம் ஒதுங்கி, வெட்டிய கரும்புக் கட்டையின் மேல் பாலைப் பீய்ச்சிவிட்டு வந்து மறுபடியும் கத்தியைப் பிடிப்பாராம். "கரும்பு குடிச்சது, பிள்ளை அழுதது" என்றார், சாதாரணமாக. கூடத்தில் இருந்த நாலைந்து கிழவிகள் தலையாட்டினார்கள். அவர்களுக்கும் இதே கதைதான் போலிருக்கிறது.

இங்கே பள்ளிக்கூடம் போன பிள்ளைக்குக்கூட அஞ்சலையைத் தெரியும். 1943 செப்டம்பர் 27ஆம் தேதி பெல் வியூ ஆரெலில் கரும்புத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டதில் செத்த நாலு பேரில் ஒருவர். அப்போது வயிற்றில் பிள்ளை. அவர் பெயரில் ஒரு விளையாட்டு அரங்கம் இருக்கிறது, சரி. பணத்தாளை எடுத்துப் பாருங்கள். நூறு ரூபாயில் நம்ம தமிழ் அரசியல்வாதி ரங்கநாதன் சீனிவாசன் இருக்கிறார், பெருமைதான். மற்றதிலும் எல்லாம் ஆண்களே. 1998இல் புது நோட்டுகளில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே போட்டதற்குச் சண்டை போட்டு அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தவர்கள் நாம். ஒரு தாயின் முகம் ஏன் இல்லை என்று யாரும் வாய் திறந்ததாக எனக்கு ஞாபகமில்லை. நானும்தான் திறக்கவில்லை.

அம்மாவை வரைந்த அந்தப் பெண் இப்போது சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வருகிறாள். அம்மா கட்டியிருப்பது பழைய நூல் புடவை. சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டுத் தழும்பைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கை முடிந்துவிட்டது, நன்றாகவே வந்திருக்கிறது. வாய்தான் பாக்கி. பேச்சை ஐந்து நிமிடம் நிறுத்தினால் வரைந்துவிடுவேன் என்கிறாள் அவள். அம்மா நிறுத்துவதாக இல்லை.