பவளப் படம் நீலமாக வருவது கேமராவின் குற்றமல்ல

"தொட்டியில் வளரும் பவளங்களைப் படமெடுக்க ஃபுல் ஃபிரேம் கேமராதான் வேண்டும், தொடக்கநிலைக் கேமராவில் எல்லாம் நீலமாகத்தான் பதிவாகும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஃபுல் ஃபிரேம் என்றால், படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் என்ற சில்லு பெரிதாக உள்ள கேமரா. ஆனால் அந்தச் செய்தி சொல்வது தவறு.

நீலத்துக்குக் காரணம் தொட்டியின் விளக்கு. பவளத் தொட்டிக்கான எல்இடிகள் பெரும்பாலும் 420 முதல் 460 நானோமீட்டர் வரையிலான நீல ஒளியையே தூக்கலாகத் தருகின்றன. ஒளிக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் அதற்கு ஈடுகொடுக்கத் திணறும், கேமரா எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் சரி. சந்தேகமிருந்தால் விளக்கை வெள்ளைக்கு மாற்றி, அதே கேமராவில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நீல ஒளியில்தான் எடுக்க வேண்டும் என்றால் லென்ஸுக்கு முன் ஆரஞ்சு ஃபில்டர் போட்டு, ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவாக) எடுத்துப் பிறகு நிறத்தைத் திருத்தலாம்.

அப்புறம் சென்சார். 1:1 மேக்ரோ லென்ஸில், அதாவது பொருளின் உருவத்தை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழச் செய்யும் லென்ஸில், சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமராவின் படச்சட்டத்தைச் சுமார் 23 மி.மீ. அகலமுள்ள பொருளே நிரப்பிவிடும். ஃபுல் ஃபிரேமுக்கு 36 மி.மீ. வேண்டும். சோவாந்தஸ் என்ற பவள வகையின் சின்னஞ்சிறு பாலிப்பை (தனி உயிரியை)ப் பெரிதாகக் காட்ட, சிறிய சென்சார்தான் வசதி!

காசைப் போடுவதானால் லென்ஸில் போடுங்கள். 90 முதல் 105 மி.மீ. வரை குவியத் தூரமுள்ள மேக்ரோ லென்ஸ், கண்ணாடியிலிருந்து தள்ளியிருக்கும் பவளத்தையும் எட்டும். மேக்ரோ என்று எழுதியிருக்கும் ஜூம் லென்ஸ்கள் பல 1:1 வரை போவதில்லை; தயாரிப்பாளரின் தளத்தில் அதிகபட்ச உருப்பெருக்கம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் மங்கலாக வந்தால் முதலில் பம்பைச் சற்று நிறுத்துங்கள், லென்ஸைக் கண்ணாடிக்கு நேராகப் பிடியுங்கள்.

அந்தச் செய்தி வந்தால் மேற்கொண்டு அனுப்ப வேண்டாம். அனுப்பியவரிடமும் விவரத்தைச் சொல்லிவிடுங்கள்.