அந்த முக்கோண குக்கீ யூதப் புத்தாண்டுக்கு இல்லீங்க

மேல ஒருத்தர் முக்கோண குக்கீ படம் போட்டு, இதுதான் யூதர்களோட புத்தாண்டு பலகாரம், ஜனவரி 1க்கு வெண்ணெய் நிறைய போட்டு சுடுவாங்கன்னு எழுதியிருக்கார், அது தப்புங்க. படத்துல இருக்கறது ஹாமன்டாஷன், நடுவுல கசகசாவோ ஜாமோ வச்சு மடிக்கறது, பூரிம் பண்டிகைக்கு, அதாவது பிப்ரவரி கடைசி இல்ல மார்ச்ல செய்வாங்க. அவங்க புத்தாண்டு ரோஷ் ஹஷானா, யூத நாட்காட்டில திஷ்ரி மாசம் முதல் தேதி, செப்டம்பர் அக்டோபர்ல வரும், 2025ல செப்டம்பர் 22 சாயங்காலம் ஆரம்பிச்சுது.

அதுக்குன்னே உள்ளது டெய்க்லாக், லிதுவேனியா பக்கத்து யூதர்கள் வழி வந்தது, முட்டையும் மாவும் எண்ணெயும் பிசைஞ்சு சின்னச் சின்ன உருண்டையாவோ முடிச்சாவோ செஞ்சு கொதிக்கிற தேன்பாகுல போட்டு வேக வைப்பாங்க, இஞ்சி வாசனை தூக்கும், செம ருசி! வர்ற வருஷம் இனிப்பா இருக்கணும்னு தான் எல்லாத்துலயும் தேன். வெண்ணெய் விஷயமும் கவனிங்க, கோஷர்ங்கற யூத உணவு முறைப்படி இறைச்சியோட பால் பொருள் சேராது, பண்டிகை விருந்துல பெரும்பாலும் இறைச்சி இருக்கும், அதனால அதுக்கப்புறம் சாப்பிடற குக்கீக்கு எண்ணெய் தான் போடுவாங்க. யூத நண்பருக்கு செஞ்சு குடுக்கப்போறவங்க இதைப் பார்த்துக்கோங்க ப்ளீஸ்.