கேக் வெட்டியாச்சு, அப்புறம்?

பெங்களூரு பெல்லந்தூரில் இருக்கிற எங்கள் ஐடி ஆபீஸில் அடிக்கடி கேக் வெட்டுகிறார்கள். பிறந்தநாள் இல்லை, சீனியர் யாராவது பேப்பர் போட்டிருப்பார். போகிறவர்களைக் குறை சொல்லவில்லை. புதிதாக வருகிறவனுக்குக் கொடுக்கிற சம்பளத்தைப் பத்து வருஷம் உழைத்தவருக்குக் கொடுக்க மனசு வராத இடத்தில் யார்தான் இருப்பார்கள்? ராஜினாமா மெயில் போன மறுநாள்தான் மேலிடத்துக்கு அவர் அருமை தெரிகிறது. 2022 ஜூன் வரையிலான ஒரு வருஷத்தில் இன்ஃபோசிஸிலேயே தானாக வேலையை விட்டவர்கள் 28.4 சதவீதம். அதைப் பார்த்தாவது திருந்தியிருக்க வேண்டாமா?

என் எரிச்சலெல்லாம் பேப்பர் போட்ட பிறகும் வேலை பார்க்க வேண்டிய அந்த 90 நாள் நோட்டீஸ் மேல்தான். முக்கால்வாசி நாள் "ஆள் எடுக்கிறோம்" என்றே ஓட்டிவிட்டு, கடைசி வாரத்தில் காலண்டர் முழுக்க கேடி மீட்டிங், அதாவது போகிறவர் தனக்குத் தெரிந்ததை இருக்கிறவருக்குச் சொல்லித் தருவது. பேமென்ட்டுகளை மொத்தமாக முடிக்கிற பேட்ச் புரோகிராம் ஏன் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் ஓட வேண்டும், அந்த ஒரு சர்வரை ஏன் யாரும் ரீஸ்டார்ட் செய்யக்கூடாது என்பதெல்லாம் எந்த டாக்குமென்டிலும் கிடையாது. எல்லாம் இந்த முறை பேப்பர் போட்ட எங்கள் திருநெல்வேலி அண்ணன் தலைக்குள் இருந்தது. அவர் லேப்டாப்பை ஒப்படைத்துவிட்டு, "ஏதாவதுன்னா போன் போடு தம்பி" என்று கிளம்பிவிட்டார்.

இப்போது ராத்திரி இரண்டு மணி அலாரம் எனக்கு அடிக்கிறது. "இது உனக்கு நல்ல வாய்ப்பு" என்கிறார் மேனேஜர். வாய்ப்பாம்! சம்பளம் அதேதான்.

அண்ணனின் லிங்க்ட்இன் பதிவுக்கு வாழ்த்து போட்டேன். கூடவே, அங்கே ஆள் எடுக்கிறார்களா என்றும் கேட்டு வைத்திருக்கிறேன். அவருடைய புது ஆபீஸும் பெங்களூருதான், சர்ஜாப்பூர் ரோடாம். டிராஃபிக்கில் மட்டும் ஒரு மாற்றமும் இருக்காது.