ஒன்பது மீட்டர் யாருக்கு?

மதுரை மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்ற 1997 அரசாணையைத் தளர்த்தலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருப்பவன் என்பதால் சொல்கிறேன்.

ஒன்பது மீட்டர் என்றால் முப்பது அடிக்குக் கொஞ்சம் குறைவு. தரைத்தளத்துக்கு மேல் இரண்டு மாடி, அவ்வளவுதான். முன்பெல்லாம் எங்கள் மொட்டை மாடியில் வடகம் காயப்போடும்போது தெற்குக் கோபுரம் முழுசாகத் தெரியும். இப்போது தெரிவது ஒரு லாட்ஜின் தண்ணீர்த் தொட்டியும் செல்போன் டவரும். அந்த லாட்ஜைக் கட்டியபோது பச்சை வலையைச் சுற்றிவிட்டு ராத்திரியில்தான் கான்கிரீட் போட்டார்கள். வலையைப் பிரித்தபோது நாலு மாடி இருந்தது. புகார் மனு கொடுத்தோம், ரசீது கிடைத்தது.

சரி, நாங்கள் மட்டும் என்ன யோக்கியம்? மகனுக்குக் கல்யாணம் பேசியதும் மேலே இன்னொரு தளம் எழுப்பலாமா என்று கொத்தனாரிடம் முதலில் கேட்டவன் நான்தான். ஒன்றே கால் சென்ட் இடத்தில் வேறு எங்கே போவது?

ஆனால் விதியைத் தளர்த்தினால் முதலில் உயரப்போவது என் வீடு இல்லை, லாட்ஜும் ஜவுளிக்கடையும்தான். அப்புறம் கோபுரத்தை விடுங்கள், எங்கள் சந்துக்குள் தீயணைப்பு வண்டி எப்படித் திரும்பும்? கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.