2000 ரூபாய்க்கு மேல் ஜிபே செய்தால் கடைக்காரரிடம் 1.1 சதவீதம் பிடிப்பார்களா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு தகவல் சுற்றுகிறது: "2000 ரூபாய்க்கு மேல் யுபிஐயில் வாங்கினால் 1.1% பிடிப்பார்கள். பில்லைப் பிரித்து வாங்குங்கள்."

இது தவறு. வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வரும் யுபிஐ பணத்துக்குக் கட்டணம் இல்லை. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆர் (பணம் வாங்கும் கடைக்காரரிடம் பிடிக்கும் கட்டணம்) பூஜ்யம்தான். தோவாளைச் சந்தையில் 3000 ரூபாய்க்குப் பூ விற்றால் 3000 ரூபாயும் வரும்.

1.1% எங்கிருந்து வந்தது? 2023 ஏப்ரலில் அமலான விதி அது. வாலட்டில் முன்கூட்டியே போட்டுவைத்த பணத்தை யுபிஐ வழியாக 2000 ரூபாய்க்கு மேல் செலுத்தினால் மட்டும் பொருந்தும். அதுவும் துறைக்குத் துறை மாறும். வாடிக்கையாளர் கையிலிருந்து எதுவும் போகாது. யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2023 மார்ச் 29 அன்றே விளக்கம் தந்துவிட்டது. அதன் இணையதளத்தில் பார்க்கலாம்.

வங்கிக் கணக்கிலிருந்து வரும் பணத்துக்கு பில்லைப் பிரிப்பதால் மிச்சம் எதுவும் இல்லை. ராத்திரி கணக்குப் பார்க்கும்போது ஒரே பில்லுக்கு இரண்டு வரவு நின்று குழப்பும், அவ்வளவுதான்.

உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது: சவுண்ட்பாக்ஸ் மாத வாடகை, கிரெடிட் கார்டுக்கான எம்டிஆர். செயலியின் செட்டில்மென்ட் அறிக்கையில் வந்த தொகையையும் பிடித்ததையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காரணமில்லாமல் பிடித்திருந்தால் வங்கியில் எழுத்தில் கேளுங்கள்.

அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.