சபர்பனும் ஒரு முக்காலியும்

பெரிய வண்டி வாங்கலாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் மூன்று மாதமாக ஓடியது. கொஞ்சம் உயரமான காரைச் சொல்லவில்லை, செவர்லே சபர்பன், ஃபோர்டு எக்ஸ்பெடிஷன் மேக்ஸ் மாதிரி அசல் அமெரிக்க யானையைத்தான் சொல்கிறேன். ஆசை எனக்குத்தான் என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் என் மனைவி கமெண்டில் வந்து சொல்லிவிடுவாள்.

அம்மாவும் அப்பாவும் வந்து தங்கியிருந்தபோது, டெக்சாஸ் டாலஸிலிருந்து நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபே போக அந்த ரகத்தில் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். நாங்கள் நாலு பேர், அம்மா, அப்பா, மச்சினன், ஆக ஏழு பேர். போக மட்டும் அறுநூறு மைலுக்கு மேல். நெடுஞ்சாலையில் இந்த வண்டிக்கு ஈடே கிடையாது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அமரில்லோ பக்கத்துக் காற்றில் எங்கள் பழைய செடான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க வைக்கும், இது பாட்டுக்குப் போனது. மூன்றாவது வரிசையில் ஆறடி மச்சினன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். பழைய சபர்பனில் பின்சக்கரம் இரண்டையும் சேர்த்து ஒரே அச்சு, அது ஏறி இறங்க இடம் விட்டதில் தரை உயர்ந்து, பின்னால் உட்கார்ந்தால் முழங்கால் முகவாயில் இடிக்கும். 2021 மாடலிலிருந்து பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன், அதனால்தான் இந்தச் சொகுசு. டிக்கியும் அப்படித்தான், சபர்பனில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போதே பின்னால் 41.5 கன அடி இருக்கிறது. ஏழு பேர் பெட்டியும் போய், இட்லிப் பாத்திரத்துக்கும் இடம் இருக்கும்.

சரி, இப்போது முக்காலிக்கு வருகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, கட்டுவது புடவை. பக்கவாட்டுப் படியில் ஒரு காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்து, உடம்பைத் தூக்க வேண்டும். முதல் தடவை நானும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி ஏற்றினோம். விசிட்டா ஃபால்ஸில் நிறுத்தி ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கினேன். அதற்கப்புறம் நிறுத்துகிற இடத்திலெல்லாம் நான் இறங்கி ஓடிப் போய் அதைப் போடுவேன், அம்மா ஏறியதும் எடுத்து மடியில் கொடுப்பேன், பிரசாதத் தட்டு மாதிரி அதைப் பிடித்துக்கொண்டே வந்தார். மூன்றாவது நிறுத்தத்தில் சொன்னார்: "இது காரில்லடா, லாரி."

எஞ்சினியர் சொன்னாலும் அதைத்தான் சொல்வார். பிக்கப் டிரக்குக்குப் போடுகிற அதே மாதிரி இரும்புச் சட்டம் கீழே, அதன் மேல் உடம்பைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். சட்டத்துக்கு மேலேதானே தரை வரும்? இதற்கு மாற்று மினிவேன், அதாவது மூன்று வரிசைக் குடும்ப வேன். அதில் அந்தச் சட்டம் தனியாக இல்லை, பெரும்பாலும் முன்சக்கரம்தான் இழுக்கிறது, எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற சுழல் தண்டும் கிடையாது, அதனால் தரை தாழ்ந்துவிடுகிறது. அரசாங்கத்தின் கணக்கிலும் இது லாரிதான். கேலனுக்கு 22.5 மைல்கூடக் கொடுக்காத புதுக் காருக்கு 1978இல் ஒரு தனி வரி கொண்டுவந்தார்கள், சபர்பன் மாதிரி எஸ்யூவிக்கு அது கிடையாது. கணக்கில் லாரி, விளம்பரத்தில் குடும்ப வண்டி!

பெட்ரோல் செலவை எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள், எனக்கு அது இரண்டாம் பட்சம். வருஷம் 12,000 மைல், எட்டு சிலிண்டர் (வி8) சபர்பன் கேலனுக்குச் சுமார் 17 என்றால் 705 கேலன். டொயோட்டா சியன்னா ஹைபிரிட் மினிவேன் 36, அதற்கு 333 போதும். கேலன் மூன்று டாலர் என்று வைத்தாலும் வித்தியாசம் ஆயிரத்து நூறு சொச்சம். வண்டிக்கே 60 ஆயிரத்துக்கு மேல் கொடுக்கத் துணிந்தவனுக்கு அது ஒரு காரணமா?

என் மனதை மாற்றியது வேறொன்று. "பெரிய வண்டி, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு" என்பது என் பெரிய வாதம். சின்ன வண்டியோடு மோதினால் உள்ளே இருக்கிறவர்களுக்கு எடை உதவும், உண்மைதான். ஆனால் வாடகை வண்டியைத் திருப்பிக் கொடுக்கிற அன்று காலை, சாவி என் பாக்கெட்டில் இருக்க, ஐந்து வயது மகளை வண்டிக்கு முன்னால் நிற்கச் சொல்லிவிட்டு நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். ஆளே தெரியவில்லை. "கையைத் தூக்கு" என்றேன், பானெட்டுக்கு மேலே இரண்டு விரல் நுனி மட்டும் எட்டிப் பார்த்தது. அவளுக்கு அது விளையாட்டு, எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பின்பக்கக் கேமரா 2018 மே முதல் புது வண்டிகளில் கட்டாயம், முன்பக்கத்துக்கு அப்படி எதுவும் இல்லை. பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள், தாழ்ந்து சரிந்த மூக்குள்ள வண்டிகளைவிட, இடிபடும் பாதசாரியைக் கொல்வதற்கு 45 சதவீதம் வாய்ப்பு அதிகம் என்று காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஎச்எஸ் 2023இல் சொன்னது. ட்ரைவ்வேயில் விளையாடுவது என் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும்தான்.

கேரேஜையும் நாடா வைத்து அளந்தேன். சபர்பன் நீளம் கிட்டத்தட்ட 19 அடி, எங்கள் கேரேஜ் 20. வாஷிங் மெஷினை வாசலில் வைக்க வேண்டியதுதான்.

ஆக, மினிவேன் என்று முடிவாகிவிட்டது. பார்க்க ரொட்டி மாதிரி இருக்கிறது, தெரியும். ஆனால் கதவு பக்கவாட்டில் தானாகத் திறக்கிறது, அம்மா புடவைக் கொசுவத்தைக்கூடத் தூக்காமல் உள்ளே போய் உட்கார்ந்தார், கார் சீட்டை மாட்ட என் முதுகு வளையவில்லை. வருஷத்துக்கு ஒரு நீண்ட பயணம் வந்தால் அந்த யானையை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன், ஆசையும் தீரும்.

படகோ பெரிய டிரெய்லரோ இழுக்கிறவர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம், சியன்னா 3,500 பவுண்டோடு நின்றுவிடும், உங்களுக்கு லாரிதான் சரி. ஆனால் நீளத்துக்குப் பயந்து சபர்பனின் குட்டைத் தம்பியான டாஹோ எடுக்காதீர்கள், மூன்றாவது வரிசைக்குப் பின்னால் 25.5 கன அடிதான், ஏழு பேர் பெட்டி அதில் போகாது.